வெயில் படாத பக்கத்தில் என்ன நடலாம்?

தோட்டத்து லயங்களில் வாசல் பக்கத்தைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. துளசி, மல்லிகை, முருங்கை, கறிவேப்பிலை என்று ஏதாவது ஒன்று இல்லாத வீடே இல்லை. அப்படியே வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். ஓடாத சைக்கிள், ஓட்டை வாளி, தீபாவளிக்கு வாங்கி மிச்சமான பெயிண்ட் டின், பாசி பிடித்த தரை. ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் எங்கும் ஒரே பதில்தான் வரும்: "அந்தப் பக்கம் வெயிலே விழாதுங்க. எத வச்சாலும் வராது."

வராது என்பதில் பாதி உண்மை. வாசலில் வளரும் அதே செடியைப் பின்னால் கொண்டுபோய் வைத்தால் வராதுதான். மல்லிகை நிழலில் கொடி ஓடும், மொட்டு வைக்காது. 1960-இல் நாட்டின் தேசிய மலர் என்று அறிவிக்கப்பட்ட புங்கா ராயா, அதாவது நம் செம்பருத்தி, நிழலில் இலையாக விட்டுக்கொண்டு வெள்ளைப் பூச்சியைச் சேர்த்து வைக்கும். துளசி நெட்டையாகி ஒடியும். கறிவேப்பிலை இரண்டு குச்சியோடு நின்றுவிடும். இவையெல்லாம் வெயிலுக்குப் பிறந்தவை. வாசலிலேயே இருக்கட்டும்.

மீதிப் பாதி உண்மையைத் தீம்பாரில் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இளங்கன்று நட்ட புதுக்காட்டில் தரை தெரியாமல் மூடுகொடி படர்ந்திருக்கும். ஐந்தாறு வருடத்தில் மரம் குடை பிடித்ததும் அந்தக் கொடி தானாகவே மெலிந்து போகிறது. அதோடு தரை மொட்டையாகிவிடுகிறதா? இல்லை. செம்பனைக்கு அடியில் பெரணி வந்து உட்கார்ந்துகொள்கிறது. தரை போதாதென்று மரத்தின் மேலும் ஏறிக்கொள்கிறது. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. நிழலில் வாழத் தெரிந்த செடிகள் தனி வகை. அந்த வகையிலிருந்து நமக்குச் சோற்றுக்கும் பூவுக்கும் உதவுவதைத் தேர்ந்தெடுத்தால் பின்பக்கமும் வீட்டுக்கு வருமானம்தான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. லயத்து வீடு நம்முடையதில்லை. வேலை நின்றால் காலி செய்ய வேண்டும். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமாகிவிட்டால் மொத்த லயமும் கிளம்ப வேண்டும். மாவும் பலாவும் ஊன்றி வளர்த்தவர்கள் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு லாரி ஏறியதை நாம் எத்தனையோ தோட்டங்களில் பார்த்துவிட்டோம். நிழல் செடிகள் அப்படியில்லை. ஒருமுறை வைத்தால் பல வருடம் நிற்கும். கிளம்புகிற நாளில் ஒரு பக்கக் கன்றோ, ஒரு கிழங்குத் துண்டோ, ஒரு சாண் குச்சியோ எடுத்துக்கொண்டால் அதே செடி கூடவே வந்துவிடும்.

சரி, எந்த நிழல்?

நிழல் என்றால் எல்லாம் ஒரே நிழல் இல்லை. சுலபமான சோதனை ஒன்று சொல்கிறோம். மேகமில்லாத நாளில் மத்தியானம் 12 மணி வாக்கில் அந்த இடத்தில் போய்த் தரைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்கள் பிரிந்து தெரிகிற மாதிரி நிழல் விழுந்தால் அங்கே வெளிச்சம் தாராளம், பூச்செடிகூட வைக்கலாம். கை மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அரை நிழல், இலைச் செடிக்கு ஏற்றது. ஒன்றுமே விழாவிட்டால் அது இருட்டு நிழல். அங்கே பெரணி, மருள் மாதிரி சிலதுதான் தாங்கும்.

ஆனால் ஒரே நாளில் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். கோலாலம்பூர் வட்டாரத்தில் மார்ச் கடைசி முதல் செப்டம்பர் நடுவரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம். ஜொகூரிலும் கெடாவிலும் சில நாட்கள் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். ஆகவே டிசம்பரில் வடக்குச் சுவரைப் பார்த்து "இங்க வெயிலே கிடையாது" என்று நட்ட செடி, ஜூனில் கருகி நிற்கும். நம் நாட்டில் பல சுவர்களுக்கு நிழல் அரை வருடக் கணக்கு. குளிர்நாட்டுப் புத்தகங்களில் "வடக்குச் சுவர் எப்போதும் நிழல்" என்று எழுதியிருப்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது.

ரப்பர் மரத்து நிழலுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. வருட ஆரம்பத்து வறட்சியில் மரம் இலை கொட்டும்போது சில வாரங்களுக்குத் தரையெல்லாம் வெயில். பால் வெட்டுகிறவர்களுக்கு அந்தக் காலம் நன்றாகத் தெரியும். பத்து மாதம் நிழலில் இருந்த செடிக்குத் திடீரென்று நெருப்பு விழுந்த மாதிரி. அந்த வாரங்களில் மட்டும் ஒரு தென்னை ஓலையைச் சாய்த்து மறைப்புக் கட்டி, சாயங்காலம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தாண்டிவிடும். கொட்டிய சருகைக் கூட்டி எரிக்கிறவர்களைப் பார்த்தால் நமக்கு வயிறு எரிகிறது. காசில்லாத உரம் அது. செடியின் தண்டில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்பிவிடுங்கள்.

ஈர நிழலா, காய்ந்த நிழலா என்பது வெளிச்சத்தைவிட முக்கியம் என்பது நம் எண்ணம். குளியலறைத் தண்ணீர் போகிற பக்கம், லோங்காங் ஓரம், கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடம், இவை ஈரம். மழைத் தண்ணீர் எட்டாத கூரைக்கு அடிப்பகுதி, பெரிய மரத்து வேருக்கு மேலே, இவை காய்ந்த நிழல். பார்க்கக் குளுமையாக இருக்கும், தோண்டினால் புழுதி பறக்கும். இந்த இரண்டையும் மாற்றி நட்டதால்தான் பாதிச் செடிகள் செத்திருக்கின்றன. பழி மட்டும் வெயில் இல்லாததன் மேல் விழுகிறது.

ஈர நிழலுக்குப் பாண்டான்

ஈர நிழல் இருக்கிற எந்த வீட்டுக்கும் நாம் முதலில் சொல்வது பாண்டான். இதற்குச் சமமாக உழைக்காமல் பலன் கொடுக்கிற செடி இன்னொன்றை நாம் பார்க்கவில்லை. ஒரு லயத்தில் குளியலறைக்குப் பின்னால் இடுப்பளவு புதராக நின்றதைப் பார்த்து, என்ன உரம் போடுகிறீர்கள் என்று வீட்டுப் பாட்டியைக் கேட்டோம். "நான் என்னத்தப்பா போட்டேன்? குளிக்கிற தண்ணி போவுது, அது பாட்டுக்கு வளருது. வேணும்னா நீயும் ஒண்ணு பிடுங்கிட்டுப் போ தம்பி" என்றார். அதுதான் பாண்டான். விதை கிடையாது. பூப்பதே அபூர்வம். உலகத்தில் இருக்கிற பாண்டான் எல்லாம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கன்றாகப் போனதுதான். அடித்தண்டில் விழுதோடு வருகிற பக்கக் கன்றைத் திருகி எடுத்து ஊன்றினால் ஆறேழு மாதத்தில் பறிக்க ஆரம்பிக்கலாம். கீழ் இலையாகப் பறியுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள். முழு வெயிலில் இலை வெளுத்துப் போகும். ஆகவே இதற்கு நிழல்தான் நல்ல இடம்.

பக்கத்திலேயே லெங்குவாஸ் வைக்கலாம். நம் மருந்துக் கடையில் பேரரத்தை என்று கொடுப்பது இதுதான். மஞ்சளும் அரை நிழலில் வரும். கிழங்கு கொஞ்சம் சிறுத்திருக்கும், இலை மட்டும் குறையில்லாமல் கிடைக்கும். ரெண்டாங் சமைக்கிற மலாய்க்காரக் குடும்பங்களுக்கு அந்த இலைதான் வேண்டும். இடம் தாராளமாக இருந்தால் புங்கா கந்தான் ஒரு புதர் வையுங்கள். ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் என்பதால் சுவரிலிருந்து ஆறடி தள்ளி வைக்க வேண்டும். அந்தச் சிவப்பு மொட்டு இல்லாமல் பினாங்கு லக்சா கிடையாது. பசாரில் எப்போதும் கேட்பார்கள். இவை மூன்றும் இஞ்சிக் குடும்பம். கிழங்கைத் துண்டு போட்டு எடுத்துப் போகலாம். தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும். ஆகவே லோங்காங் ஓரத்தில் வைத்தாலும் மண்ணை ஒரு சாண் மேடாக்கிக்கொண்டு வையுங்கள்.

தரையை மூட வேண்டுமென்றால் கடோக். வெற்றிலைக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும், ஆனால் கொடியேறாது, தரையிலேயே பரவும். மரத்தடியில் புல் வராத இடத்தில் இது வரும். உலாம் என்று பச்சையாகச் சாப்பிடலாம், பொடியாக அரிந்து முட்டையில் போட்டுப் பொரிக்கலாம். வெற்றிலையையும் அரை நிழலில், ஒரு கமுகிலோ முருங்கையிலோ ஏற்றிவிட்டால் வருடக்கணக்கில் ஓடும். பூசைக்கும் விசேஷத்துக்கும் கடைக்கு ஓட வேண்டாம். பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்கிற வழக்கம் வாய்ப்புற்றுக்குக் காரணம் என்பதைப் பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் இங்கே சொல்லாமல் விட முடியாது.

சாயூர் மானிஸ் பலருக்கும் பிடித்த கீரை. தமிழ்நாட்டில் தவசிக்கீரை என்பார்கள். இடுப்பளவு குத்துச்செடி, குச்சி ஊன்றினால் போதும், அரை நிழலில் இலை இளசாகவே இருக்கும். வேகவைத்து அளவாகச் சாப்பிடுங்கள். 1990களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்க வேண்டுமென்று இதைப் பச்சையாக அரைத்து வாரக்கணக்கில் குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டு, சிலர் உயிரும் போயிற்று. கீரை கீரையாக இருக்கட்டும், மருந்தாக்க வேண்டாம்.

காய்ந்த நிழலுக்கு மருள் இருக்கிறது. லிடா ஜின் என்று கேட்டால் எந்தக் கம்பத்திலும் கொடுப்பார்கள். சாகடிக்க நினைத்தாலும் சாகாது, அதிகத் தண்ணீரைத் தவிர வேறெதற்கும் பயப்படாது. கற்பூரவல்லியும் அப்படித்தான். கூரையோரம் ஒரு டின்னில் வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும்போது நினைவுக்கு வரும்.

பூ வேண்டாமா?

தாய்மார்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். அரை நிழலில் பூக்கிற செடி குறைவுதான், ஆனால் அந்தக் குறைவில் நமக்கு வேண்டியது இருக்கிறது. கனகாம்பரம்! காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் விழுந்தால் போதும், மிச்ச நேரம் நிழலில் நின்றுகொண்டு மாதக்கணக்கில் பூக்கும். கொட்டும் வெயிலைவிட இப்படி வைத்ததில்தான் இலை பச்சையாக இருக்கிறது. காய்ந்த கதிரில் ஈரம் பட்டால் விதை படபடவென்று தெறிக்கும், பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. தெறித்த இடத்தில் கன்று முளைத்திருந்தால் பிடுங்கி டின்னில் வைத்துக்கொள்ளுங்கள்.

நந்தியாவட்டை இரண்டாவது. குத்துச்செடியாக வெட்டி வைத்தால் சுவர் மறைப்பும் ஆயிற்று, சாமிக்குப் பூவும் ஆயிற்று. இதன் பால் கண்ணில் படக்கூடாது. இலை, காய் எதையும் பிள்ளைகள் வாயில் வைக்கக்கூடாது.

மாடி வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கும் இவைதான். நடைவழியில் வெயில் ஒரு பக்கம்தான் எட்டிப் பார்க்கும். பாண்டான் ஒரு வாளியில், கனகாம்பரம் ஒரு பிஸ்கட் டின்னில். கைப்பிடிச் சுவர் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள், கீழே நடப்பவர் தலை நம் பொறுப்பு.

கொசுவும் பாம்பும்

"செடி வச்சா கொசு வரும், பாம்பு வரும்" என்று வீட்டில் ஆண்கள் தடுப்பார்கள். தடுப்பது நியாயம்தான். ஏடிஸ் கொசு பகலில் புதருக்குள் ஒதுங்கி இருக்கும். ஆனால் அது முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். ஒரு வாரம், பத்து நாள் தேங்கினால் போதும். ஓட்டை வாளியும் பெயிண்ட் டின்னும் கிடந்த பின்பக்கத்தைவிட, அவற்றை அப்புறப்படுத்திவிட்டுச் செடி வைத்த பின்பக்கம் மேல். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். இலைக்கு நடுவே கிண்ணம் மாதிரி தண்ணீர் பிடித்து வைக்கிற அன்னாசி இனத்து அலங்காரச் செடிகள் லயத்துக்கு வேண்டவே வேண்டாம். வெட்டாமல் விட்ட நிரைகளில் மங்குகளைக் கவிழ்த்து வைக்கிறார்களா என்றும் கேளுங்கள், வீட்டுக்கு வருகிற கொசுவில் பாதி அங்கே பிறந்ததாகவும் இருக்கலாம். 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் கொசு உற்பத்தியாக இடம் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

பாம்புக்கு ஒரே வழி, சுவரிலிருந்து மூன்றடி தரையைச் சுத்தமாக விட்டுவிட்டு அதற்கப்பால் நடுவது. புதரின் அடியிலையைக் கழித்து, குனிந்து பார்த்தால் மறுபக்கம் தெரிகிற மாதிரி வைத்திருங்கள். சருகைக் குவித்து வைக்காமல் பரப்பினால் ஒளிய இடமிருக்காது.

மருந்தடிக்கிற நிரை ஓரம்

மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். லயத்துப் பின்பக்கம் பல இடங்களில் தீம்பாரோடு ஒட்டியே இருக்கிறது. நிழல் அங்கேதான், மருந்தடிப்பும் அங்கேதான். பாராகுவாட் 2002-இல் தடுக்கப்பட்டு, 2006-இல் மறுபடி அனுமதிக்கப்பட்டு, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. அதைத் தோளில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள் என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மருந்து பட்ட இலை மறுநாளே கருகிக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது அதிகம் அடிக்கிற கிளைபோசேட் அப்படி இல்லை. இலைக்குள் இறங்கி வேர்வரை போய்த்தான் வேலை செய்யும். தெளித்த நாலைந்து நாள்வரை இலை பச்சைப் பசேலென்று நிற்கும். பெரணித் தளிரோ, வல்லாரையோ, கடோக்கோ பறிக்கப் போனவருக்குப் பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியாது.

ஆகவே தின்கிற செடியை வீட்டுச் சுவருக்குப் பக்கமாகவும், தின்னாத செடியைத் தீம்பார்ப் பக்கமாகவும் வையுங்கள். நந்தியாவட்டையை அந்த எல்லையில் வேலியாக நெருக்கி நட்டால் காற்றில் வருகிற சாரலைக் கொஞ்சம் தடுக்கும். எந்த நிரையில் எந்த நாள் அடிக்கப் போகிறார்கள் என்று மண்டோரிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்ளலாம். கேட்பதில் தப்பேயில்லை. மருந்தடித்த சட்டையை அலசுகிற தண்ணீர் கீரைப் பாத்திக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வல்லாரையைப் பச்சையாகச் சாப்பிடுகிறவர்கள் அதை லோங்காங் ஓரத்தில் பறிக்கவே கூடாது, எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் அது. தனியாக ஒரு தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

அழகுக்காக வாங்குகிற செடியில் ஒன்றைப் பற்றி எச்சரிக்கை. தடித்த பச்சைத் தண்டு, அகல இலையில் வெள்ளை தெளித்த மாதிரி புள்ளிகள். நிழலில் பிரமாதமாக வளரும், ஆபீஸ் வாசல்களில் பார்த்திருப்பீர்கள். இதன் இலையிலும் தண்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனைப் படிகங்கள் இருக்கின்றன. பிள்ளை கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கிப் பேச்சே வராது. காட்டுச்சேம்புக்கும் இதே குணம். கடித்துவிட்டால் வாயைத் தண்ணீரால் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் இந்தச் செடி எதற்கு?

கிளம்பும்போது

வீடு மாறப் போவது தெரிந்தால் இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். பழைய நந்தியாவட்டையைப் பெயர்த்தால் பிழைக்காது. பென்சில் கனத்துக் குச்சியாக ஐந்தாறு வெட்டி, கீழ் இலையைக் கிள்ளி, வடிகிற பாலைக் கழுவிவிட்டு ஊன்றுங்கள். கனகாம்பரத்தில் பூக்காத இளங்கிளையாக எடுங்கள். வெற்றிலையில் நாலு கணு உள்ள துண்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும். மைலோ டின் அடியில் நாலு ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய சருகும் பாதிப் பாதி போட்டு, நிழலில் மூன்று வாரம் வையுங்கள். அதற்குள் தினமும் பிடுங்கிப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்க்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு, கையைக் கட்டிக்கொள்ளுங்கள்! லெங்குவாஸ், மஞ்சள், புங்கா கந்தான் கிழங்குகளை முளையோடு துண்டு போட்டு, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி ஒரு நாள் ஆறவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

போய்ச் சேர்ந்த இடத்தில் உடனே நட அவசரப்பட வேண்டாம். டின்னோடு ஒரு வாரம் வைத்துப் பார்த்து, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு இறக்குங்கள். பாண்டானை மட்டும் புறப்படுகிற அன்று காலையில் பிடுங்கினால் போதும். ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் நாலு நாள்வரை தாங்கும்.